தியானத்துக்கு மார்க் போடலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 43, பள்ளி ஆசிரியை. ஒரு வருடமாகப் பதற்றத்துக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது பரவாயில்லை. பௌத்த தியானம் பற்றிப் படித்து ஆசைப்பட்டு, தினமும் காலையில் அரை மணி நேரம் உட்கார ஆரம்பித்தேன். மூச்சைக் கவனி என்கிறார்கள். கவனித்தால் எனக்கு மூச்சு முட்டுவதுபோல் ஆகிறது. இரண்டு நிமிடத்தில் மனம் எங்கேயோ போய்விடுகிறது, இல்லையென்றால் தூங்கி விழுகிறேன். கால் மரத்துப்போகிறது. ஒவ்வொரு நாளும் எப்படி உட்கார்ந்தேன் என்று நோட்டில் பத்துக்கு மார்க் போட்டு வருகிறேன், மூன்றைத் தாண்டியதே இல்லை. விபாசனா, ஜென், மைண்ட்ஃபுல்னெஸ் என்று பல பெயர் சொல்கிறார்களே, எதில் தொடங்குவது? நேராகப் பத்து நாள் முகாமுக்குப் போ, எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள் தோழி. நான் தினமும் சாமி கும்பிடுகிறவள். இது மதம் மாறுவது போல் ஆகிவிடாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். தியானம் கைகூடிவிட்டால் மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதல் வேலையாக அந்த மார்க் நோட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, போகிறபோக்கில் சொன்ன அந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மனம் ஓடுவது, தூக்கம், கால் வலி எல்லாம் தொடங்குகிற எல்லோருக்கும் வருவதுதான், அவற்றுக்கு வழி இருக்கிறது. உட்கார்ந்து எழுந்ததும் தனக்குத்தானே ஃபெயில் மார்க் போட்டுக்கொள்கிறவர்தான் அதிக நாள் தாக்குப்பிடிப்பதில்லை. ஆலோசனைக்கு வருகிறவர்களில் தியானத்தைப் பாதியில் விட்டவர்களைப் பார்க்கிறேன். சோம்பேறிகள் குறைவு. எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம்.

எதற்கு மார்க் போட்டீர்கள்? எண்ணமே வராமல் எவ்வளவு நேரம் இருந்தேன் என்பதற்குத்தானே? அப்படி யாரும் கேட்கவில்லை. பௌத்த தியானத்துக்கு அடிப்படையாகப் பலரும் எடுத்துக்கொள்வது சதிபட்டான சூத்திரம். புத்தரின் போதனைகளைச் சொல்லும் பாலி மொழி நூல் தொகுப்பில், மஜ்ஜிம நிகாயம் என்ற பகுதியில் பத்தாவதாக வருவது. உடல், உணர்ச்சிகளின் இன்ப துன்பம், மனத்தின் நிலை, மனத்தில் எழுகிற விஷயங்கள் என்று கவனிக்க வேண்டியதை அது நான்காகப் பிரிக்கிறது. மூன்றாவது பகுதியைக் கொஞ்சம் நின்று படியுங்கள். மனம் ஆசையோடு இருந்தால் ஆசையோடு இருக்கிறது என்று அறிகிறார், வெறுப்போடு இருந்தால் வெறுப்போடு இருக்கிறது என்று அறிகிறார் என்று வரிசையாகப் போகும். அந்த வரிசையில் சிதறிய மனமும் இருக்கிறது. சிதறியிருந்தால் சிதறியிருக்கிறது என்று அறிய வேண்டும், அவ்வளவுதான் அங்கே சொல்லியிருப்பது. நீங்கள் மூன்று மார்க் போட்ட நாட்களில், மனம் ஓடிவிட்டதென்று எத்தனை தடவை கண்டுபிடித்தீர்கள்? அத்தனை தடவையும் தியானம் நடந்திருக்கிறது.

நாளை உட்காரும்போது இதை மட்டும் பாருங்கள். முதல் மூன்று மூச்சு ஒழுங்காகப் போகும். நான்காவதில் திருத்தாத விடைத்தாள் ஞாபகம் வரும். அதிலிருந்து ஒரு மாணவன், அவனுடைய அப்பா போனில் பேசிய விதம், அவருக்கு நீங்கள் சொன்ன பதில், சொல்லாமல் விட்ட பதில். ஒரு முழுச் சண்டையே உள்ளே நடந்து முடிந்திருக்கும். திடீரென்று ‘அட, உட்கார்ந்திருக்கிறோமே’ என்று ஒரு நொடி விழிப்பு வரும். அதை யாராலும் இழுத்துக்கொண்டு வர முடியாது, தானாக வருவது. பழகப் பழக அடிக்கடி வரும்.

அந்த விழிப்புக்கு அடுத்த நொடியில் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘சே, மறுபடியுமா’ என்று உள்ளே ஒரு குரல் வருகிறதா, பாருங்கள். அது வரும்போது உடம்பையும் பாருங்கள். தாடை இறுகியிருக்கும், புருவம் நெருங்கியிருக்கும், தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறியிருக்கும். அந்த இறுக்கத்தோடு மூச்சுக்குத் திரும்பினால் அது மூச்சைக் கவனிப்பதாகாது, மூச்சைக் காவல் காப்பதாகிவிடும். தாடையைத் தளர்த்துங்கள். ‘யோசனை’ என்று ஒரே ஒரு வார்த்தையை மனதுக்குள் சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்கு வாருங்கள். புத்தர் ஒரு சூத்திரத்தில் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்கிறார். உடம்பில் வருகிற வேதனை முதல் அம்பு. அதற்காக மனம் புலம்பித் தவிப்பது அதே ஆளின் மேல் பாய்கிற இரண்டாவது அம்பு. மனம் ஓடியது உங்கள் கையில் இல்லை. மார்க் போட்டது உங்கள் கையால்தான்.

இனி உங்கள் மூச்சு விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பதற்றம் உள்ளவர்களிடம் ‘மூச்சைக் கவனி’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது சரியில்லை. பதற்றம் வரும்போது முதலில் மாறுவதே மூச்சும் நெஞ்சுத் துடிப்பும்தான். அதனால் உங்கள் மனம் ஏற்கெனவே அவற்றை ஆபத்துக்கான அறிகுறியாகப் பார்க்கப் பழகியிருக்கிறது. அதே இடத்தில் கவனத்தை நிறுத்தினால் ‘ஏதோ சரியில்லையோ’ என்ற சந்தேகம் எழும், மூச்சு மாறும், மாறியதைப் பார்த்துச் சந்தேகம் இன்னும் கூடும். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. தொடங்கும் இடத்தை மாற்றினால் போதும்.

முதல் சில வாரங்களுக்கு மூச்சை விட்டுவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் பதியுங்கள். குதிகால் தரையை அழுத்துவது, உள்ளங்காலின் சூடு அல்லது குளிர்ச்சி, விரல்கள் ஒன்றோடொன்று படுவது, இதில் எது தெளிவாகத் தெரிகிறதோ அங்கே இருங்கள். மடியில் வைத்த கைகளையும் எடுத்துக்கொள்ளலாம். சிலருக்கு அறையில் வந்துபோகிற சத்தங்கள் நன்றாக ஒத்துவரும். சதிபட்டான சூத்திரம் மூச்சோடு நிற்கவில்லை. நடப்பது, நிற்பது, உட்கார்வது, படுப்பது, கையை மடக்குவது நீட்டுவது வரை கவனிக்கச் சொல்கிறது. ஆகவே பாதத்தில் தொடங்குவதைக் குறைந்த தியானம் என்று நினைக்க வேண்டாம்.

பாதத்தில் கொஞ்சம் நிலைத்ததும், மனம் ஒப்பினால், வயிற்றுக்கு வாருங்கள். மூச்சு உள்ளே போகும்போது வயிறு எழும், வெளியே வரும்போது அமுங்கும். பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாதோ (1904–1982) தன் மாணவர்களுக்கு முதன்மையாகக் கொடுத்தது இந்த அசைவைத்தான். ‘எழுகிறது’, ‘அமுங்குகிறது’ என்று மனதுக்குள் மெல்லக் குறித்துக்கொண்டே பார்ப்பது அவர் முறை. மூக்கு நுனியைவிட வயிறு பலருக்கு இதமாக இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் மூச்சைப் பார்க்கும்போது அதை ஆழமாக்கவும் ஒழுங்காக்கவும் முயல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிராணாயாமம் கேள்விப்பட்ட நம் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பிராணாயாமத்தில் மூச்சை நாம் நடத்துகிறோம். ஆனாபானசதியில், அதாவது பௌத்த முறையில் மூச்சைக் கவனிப்பதில், அது பாட்டுக்கு நடக்கிறது, நாம் கூடவே இருக்கிறோம். நீண்ட மூச்சை நீண்டது என்று அறிகிறார், குறுகிய மூச்சைக் குறுகியது என்று அறிகிறார் என்கிறது சூத்திரம். குறுகியதை நீட்டு என்று சொல்லவில்லை. மேலோட்டமான மூச்சா, சரி, மேலோட்டமான மூச்சு.

நேரத்தைக் குறையுங்கள். அரை மணி உங்களுக்கு இப்போது அதிகம். பத்து நிமிடம் போதும். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். டைமர் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி நேரம் மணி பார்ப்பதிலேயே போகும். பத்து நிமிடம் சாதாரணமாகிவிட்டது என்று தோன்றினால் பதினைந்து. வயிற்றில் கவனம் நிற்காமல் வழுக்கினால் எண்ணலாம். ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை, பிறகு மறுபடி ஒன்றிலிருந்து. இலங்கையில் 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்த நூல் இதற்குக் கணக்கே கொடுக்கிறது: ஐந்துக்குள் நிறுத்தாதே, பத்தைத் தாண்டாதே. ஜென் வகுப்புகளிலும் புதியவர்களுக்குப் பத்து வரை எண்ணத்தான் சொல்லித்தருகிறார்கள். எண்ணிக்கை விட்டுப்போனால் ஒன்றுக்கு வாருங்கள். தயவுசெய்து, எத்தனை தடவை பத்தைத் தொட்டோம் என்று நோட்டில் எழுதாதீர்கள்.

சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும் என்று ஒன்றுமில்லை, முதுகு நிமிர்ந்து வலியில்லாமல் இருந்தால் போதும். கால் மரத்தால் உடனே மாற்றவும் வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். எங்கே மரக்கிறது, ஊசி குத்துவதுபோலவா, கனமாகவா, அப்படியே இருக்கிறதா அல்லது கூடிக் குறைகிறதா என்று சில மூச்சு நேரம் பாருங்கள். பிறகு, மாற்றப்போகிறேன் என்று தெரிந்தே, மெதுவாகக் காலை நீட்டுங்கள். அந்த நீட்டுதலும் தியானத்தில் சேர்ந்ததுதான். மூட்டில் கூர்மையான வலி என்றால் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

தூங்கி விழுவதற்கு வருகிறேன். இதில் உங்களுக்குப் பெரிய துணை இருக்கிறது. புத்தரின் இரண்டு தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானரே உட்கார்ந்தபடி தூங்கி விழுந்திருக்கிறார். அதே பாலி தொகுப்பில், அங்குத்தர நிகாயம் என்ற பகுதியில் இது இருக்கிறது. புத்தர் அவரைத் திட்டவில்லை, வரிசையாக வழி சொல்கிறார். எந்த நினைப்பில் இருந்தபோது தூக்கம் வந்ததோ அதை விடு. போகவில்லையா, கற்ற போதனையை யோசி. அதற்கும் போகவில்லையா, வாய்விட்டு ஓது. அப்புறம் காது மடலை இழுத்து, கை கால்களைத் தேய். எழுந்து தண்ணீரால் கண்ணைக் கழுவி, நட்சத்திரங்களைப் பார். வெளிச்சத்தை மனத்தில் கொண்டுவா. முன்னும் பின்னும் நட. இதெல்லாம் செய்தும் தீரவில்லை என்றால், வலது பக்கம் சரிந்து படுத்துக்கொள், விழித்ததும் எழுந்துவிடு. காதை இழுப்பது ஆசிரியையான உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் எனக்கு இதில் பிடித்தது கடைசி வரி. தூக்கம் தேவைப்படுகிற உடம்புக்குத் தூக்கத்தைத்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் இரவு எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. காலையில் உட்கார்வதற்காகத் தூக்கத்தைக் குறைத்திருந்தால் நேரத்தை மாலைக்கு மாற்றுங்கள். பதற்றத்துக்கான மாத்திரைகள் சிலவற்றுக்கு மயக்கம்போல் தூக்கம் வரவைக்கும் குணம் உண்டு. அதையும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

உட்காரவே முடியாத நாட்களில் நடங்கள். அறைக்குள் பத்துப் பதினைந்து அடி தூரம் போதும். ஒரு கால் தூக்குவது, நகர்வது, பதிவது, எடை அந்தக் காலுக்கு மாறுவது. கோடியில் நின்று, திரும்பி, மறுபடி. பௌத்த மடங்களில் உட்கார்வதற்குச் சமமாக இதைச் செய்கிறார்கள். பதற்றம் அதிகமாக இருக்கும் நாளில் நான் உட்காருங்கள் என்று சொல்லவே மாட்டேன், நடக்கத்தான் சொல்வேன்.

எந்த மரபு என்று கேட்டிருந்தீர்கள். தொடங்குகிறவருக்கு வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. மகாசி முறையைச் சொல்லிவிட்டேன். சத்ய நாராயண் கோயங்கா (1924–2013) பரப்பிய விபாசனாவில் முதலில் மூக்கருகே மூச்சு, பிறகு தலை முதல் கால் வரை உடம்பின் உணர்ச்சிகளைப் பார்த்துக்கொண்டு போவது. ஜென்னின் ஒரு பிரிவான சோட்டோ ஜென்னில் சுவரைப் பார்த்து, கண்ணைப் பாதி திறந்து, எதையும் பிடித்துக்கொள்ளாமல் உட்கார்வது. மைண்ட்ஃபுல்னெஸ் என்று மருத்துவமனைகளில் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியின் வழியில் வருவது. பௌத்த தியானத்திலிருந்து எடுத்து, மதச் சடங்கு இல்லாமல், நாள்பட்ட வலியும் மன அழுத்தமும் உள்ளவர்களுக்காக அமைத்தார். உங்கள் நிலைமைக்கு, பக்கத்தில் நல்ல பயிற்றுநர் கிடைத்தால், அந்த எட்டு வாரப் பயிற்சியை முதலில் சொல்வேன். கிடைக்காவிட்டால் மேலே எழுதியதே போதும். எதை எடுத்தாலும் மூன்று மாதம் மாற்றாதீர்கள். தியானத்துக்கு ஐந்து தடைகள் என்று பௌத்தர்கள் சொல்வதில் தூக்கக் கலக்கம் ஒன்று, ‘இது சரியான முறைதானா’ என்ற சந்தேகம் இன்னொன்று. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

வாரத்தில் இரண்டு நாள் மெத்தா, அதாவது நல்லெண்ணத் தியானம், சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இது கட்டாயம் தேவை என்பேன். ‘நலமாக இருக்கட்டும், பயமில்லாமல் இருக்கட்டும்’ என்பதுபோல இரண்டு மூன்று வாக்கியங்களை மெல்லச் சொல்லிக்கொள்வதுதான் முறை. விசுத்திமக்கம் தன்னிலிருந்து தொடங்கு, பிறகு மதிப்புக்குரியவர், நெருக்கமானவர், அறிமுகம் மட்டும் உள்ளவர், கடைசியில் பகைவர் என்று போகச் சொல்கிறது. தனக்கு மூன்று மார்க் போடுகிறவரிடம் நான் இந்த வரிசையை வற்புறுத்துவதில்லை. உங்கள் வகுப்பில் பார்த்ததும் சிரிப்பு வரவைக்கிற ஒரு குழந்தை இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். சில வாரம் போகட்டும், அப்புறம் அதே வாக்கியங்களை உங்களுக்குச் சொல்லிப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிட்டுக் குழந்தையிடம் திரும்புங்கள்.

வீட்டில் கேட்கிற கேள்விக்குப் பதில் எளிது. பாதத்தின் அழுத்தத்தைக் கவனிக்க எந்த மதத்திலும் சேர வேண்டியதில்லை. சாமி கும்பிடுவதை நிறுத்த வேண்டாம். இரண்டையும் ஒரே உட்காரலில் கலக்காதீர்கள், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடம் எதையும் வேண்டாமல் இருங்கள், பிரார்த்தனைக்கு அதன் நேரம் இருக்கட்டும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பௌத்தத்தில் இது மன அழுத்தத்துக்கான மருந்தாக வரவில்லை, துக்கத்திலிருந்து முழுதாக விடுபடும் வழியின் ஒரு பகுதியாக வந்தது. அந்த வழியில் ஒழுக்கமும் தியானமும் சேர்ந்தே போகும். கொல்லாமை, திருடாமை, பொய் சொல்லாமை எல்லாம் அதில் அடக்கம். இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. காலையில் ஒருவரிடம் பொய் சொல்லிவிட்டு மாலையில் உட்கார்ந்து பாருங்கள், அந்தப் பத்து நிமிடமும் அவர் முகம்தான் வந்து நிற்கும்.

பத்து நாள் முகாமுக்கு இப்போது போக வேண்டாம். கோயங்கா வழி முகாம்களில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்புவார்கள். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் தியானம். பேச்சு, போன், படிப்பது, எழுதுவது எதுவும் கிடையாது. தொடக்கத்தில் மூன்று நாளுக்கும் சற்று அதிகமாக மூச்சு மட்டும்தான், உங்களை முட்டவைக்கிற அதே மூச்சு. கட்டணம் வாங்குவதில்லை, நன்கொடையில் நடக்கிறது. பலருக்கு அது பெரிய அனுபவம், உங்கள் தோழிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் தூக்கிவாரிப்போடுகிற அளவு பயம், அடங்காத அழுகை, பழைய காயங்கள் திரும்ப எழுவது, இவையும் நீண்ட மௌன முகாம்களில் சிலருக்கு வருகின்றன. கடும் மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு, ஆறாத அதிர்ச்சி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. நீங்கள் அந்த வகை இல்லை என்றே தோன்றுகிறது, இருந்தாலும் அவசரம் என்ன? ஆறு மாதம் தினமும் உட்கார்ந்து, ஒரு நாள் முகாம் ஒன்றைப் பார்த்துவிட்டு, பிறகு யோசியுங்கள். வீட்டில் பத்து நிமிடம் உட்காரும்போதே மார்பு படபடத்து அடங்காமல் போனால் கண்ணைத் திறந்து எழுந்துவிடுங்கள், யாரிடமாவது பேசுங்கள். தொடர்ந்து அப்படி நடந்தால் தியானத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பதற்ற மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, முன்பைவிட மோசமான பதற்றம் வரலாம், சில வகைகளில் வலிப்புகூட வரலாம். குறைப்பதென்றால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு தியானம் செய்வதில் எந்தக் குறையும் இல்லை. அடுத்த முறை போகும்போது தியானம் செய்வதை அவரிடம் சொல்லுங்கள். பிற்பாடு முகாமுக்கு எழுதுவதானால், விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்கிற இடத்தில் மாத்திரையின் பெயரையும் அளவையும் அப்படியே எழுதுங்கள். சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயந்து விட்டுவிட வேண்டாம்.